பாதிக் கட்டணத்தில் அண்டார்டிகா: லாபமா?

கேள்வி: அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். மனைவியுடன் அண்டார்டிகா போய்வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 180 பேர் செல்லும் சிறிய கப்பலின் கட்டணத்தில் பாதிதான் 800 பேர் செல்லும் பெரிய கப்பலுக்குக் கேட்கிறார்கள். சிறிய கப்பல் என்றால் ஓய்வுக்கால வைப்புத்தொகையில் கைவைக்க நேரும். பெரிய கப்பலையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கட்டணம் பாதிதான். ஆனால் அண்டார்டிகாவில் நீங்கள் காலே வைக்க முடியாது. அங்கே சுற்றுலா நடத்தும் நிறுவனங்களின் சர்வதேசச் சங்க விதிப்படி, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது. மேல்தளத்தில் நின்று பனிமலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விளம்பரத்தில் பென்குவின் பக்கம் முழுக்க நிற்கும். இந்தச் செய்தி அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். பார்த்தாலே போதும் என்றால் தாராளமாகப் போங்கள். நடந்து பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பாதிக் கட்டணமும் வீண்.

சிறிய கப்பலிலும் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்க முடியாது. 180 பேர் என்றால் இரண்டு அணி: ஒன்று கரையில் நடக்கும்போது மற்றது ரப்பர் படகில் பனிப்பாறைகளிடையே சுற்றிவரும். 400 பேர் கப்பலில் உங்கள் முறை வரும்வரை காத்திருப்பதிலேயே பொழுது போகும்.

மொத்தக் கட்டணத்தை ஒப்பிடாமல், அங்கே கழிக்கும் முழு நாட்களால் அதை வகுத்துப் பாருங்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கழித்தால், 10 நாள் பயணத்தில் மிஞ்சுவது நான்கு நாள். 12 நாள் பயணத்தில் ஆறு. கட்டணம் கால் பங்கு கூடினாலும் கிடைக்கும் நாட்கள் பாதி கூடுகின்றன.

சிக்கனத்தை அறையில் காட்டுங்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் உள்ள வட்டச் சன்னல் அறை மலிவு. ஆட்டமும் அங்கேதான் குறைவு. பால்கனி அறைக்காரரும் உங்களோடு அதே ரப்பர் படகில்தான் ஏறப்போகிறார். அடுத்தது மாதம். டிசம்பர், ஜனவரியில் கட்டணம் உச்சம். மார்ச்சில் பொதுவாகக் குறையும். திமிங்கிலம் பார்க்க அதுவே நல்ல காலம்.

வைப்புத்தொகையைத் தொடவே வேண்டாம். ஓய்வின் தொடக்கத்தில் எடுக்கும் பெருந்தொகையை ஈடுகட்டப் பிறகு சம்பளம் இருக்காது. கடனும் வேண்டாம். ஓய்வின்போது கைக்கு வரும் பணத்தில் வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு, பயணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள். கட்டணம் பெரும்பாலும் டாலரில் என்பதால், அந்தத் தொகையை ஒரேயடியாக மாற்றாமல் தவணைகளாக மாற்றுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கப்பலில் இருப்பது ஒரு சிறு மருத்துவ அறை. பெரிய மருத்துவமனைக்குத் தென் அமெரிக்கா வரவேண்டும். அவசர வெளியேற்றச் செலவைப் பெருந்தொகைவரை ஏற்கும் பாலிசியாகப் பாருங்கள். இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்; மறைத்தால் இழப்பீடு கிடைக்காது.

முன்பணம் கட்டுமுன் ரத்து நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது ஒன்று. வானிலையாலோ பனியாலோ கரையிறங்க முடியாமல் போனால் என்ன என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அநேகமாக ‘பணம் திரும்பாது’ என்றுதான் இருக்கும். அதை ஏற்கத் தயார் என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள்.