எலீட் டேஞ்சரஸ் விண்வெளி வீடியோ கேம்: சண்டையில் கப்பல் திரும்பவில்லையா?

வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். எதிரி பின்னாலேயே ஒட்டிக்கொள்கிறான், கப்பல் திரும்ப மறுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் முழு வேகத்தில் வளைக்கப் பார்ப்பதுதான் காரணம். வேகம் காட்டும் கோட்டின் நடுவே ஒரு நீலப் பட்டை இருக்கிறதே, அதற்குள் வேகம் இருக்கும்போதுதான் கப்பல் சட்டென்று வளையும். அப்புறம், மின்சாரத்தைக் கொஞ்சம் எஞ்சின் பக்கம் திருப்புங்கள்.

ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். அப்போதும் மூக்கு ஒரு பக்கமாக நகர்ந்தால் கோளாறு ஜாய்ஸ்டிக்கில். தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டி வீடு என்றால் உப்புக் காற்று உள்ளே அரித்திருக்கலாம். டெட்ஸோனை, அதாவது ஜாய்ஸ்டிக்கின் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையை, சிறிது கூட்டுங்கள். அதிகம் கூட்டினால் குறி பார்ப்பது மந்தமாகிவிடும்.

அனகோண்டா மாதிரி பெரிய கப்பல் என்றால் என்ன செய்தாலும் மெதுவாகத்தான் திரும்பும். சண்டை பழக ஈகிள் எடுங்கள். விலையும் குறைவு, அது வளைகிற அழகே தனி.