ஹெலியோடோரஸ் பிஷப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹெலியோடோரஸ் எழுதிய பண்டைய கிரேக்க நாவலான ‘எத்தியோப்பியக் கதை’யை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். அவர் பிற்காலத்தில் பிஷப் ஆனார் என்று சிலரும், அது கட்டுக்கதை என்று சிலரும் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் விதிஷாவில் கருடத்தூண் நிறுவியவரும் இவர்தானா? ஆசிரியர் யாரென்றே தெரியாத ஒரு நாவலை எப்படி வாசிப்பது?

கே.

அன்புள்ள கே.,

விதிஷா ஹெலியோடோரஸ் வேறு ஆள். அவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தட்சசீலத்திலிருந்து வந்த தூதர். நாவலாசிரியர் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டுக்காரர். கிரேக்கர்களிடையே பரவலாகப் புழங்கிய பெயர் அது.

பிஷப் கதையை முதலில் எழுதியவர் 5-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியரான கான்ஸ்டாண்டிநோபிள் சாக்ரட்டீஸ். கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் குருமார்கள் மனைவியரை விட்டு விலகியிருக்கவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ட்ரிக்கா நகரின் பிஷப் ஹெலியோடோரஸ். இளமையில் இந்தக் காதல்கதையை எழுதியவரும் அவரே என்று ‘சொல்லப்படுகிறது’ என்கிறார் சாக்ரட்டீஸ். 14-ஆம் நூற்றாண்டில் நிகெஃபோரஸ் கல்லிஸ்டஸ் என்ற இன்னொரு திருச்சபை வரலாற்றாசிரியர் அதை இன்னும் வளர்த்தார். நூலை எரி, இல்லையேல் பதவியை விடு என்று திருச்சபை சொன்னதாம். அவர் பதவியை விட்டாராம்.

நான் இதை நம்பவில்லை. காலம் பொருந்தாது என்பதால் அல்ல. நாவலில் நைல் நீரைத் திருப்பி எகிப்தின் சையீன் நகரைச் சூழும் முற்றுகை, கி.பி. 350-இல் பாரசீகர்கள் ரோமானிய எல்லை நகரான நிசிபிஸை முற்றுகையிட்டதை ஒத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்து எழுதியிருந்தால் அவர் கிறிஸ்தவம் ஓங்கிய காலத்தவரே. என் சந்தேகம் வேறு. இன்னொரு காதல் நாவலாசிரியரான அகிலிஸ் டேஷியஸையும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) அகராதியான சூடா பிஷப் ஆக்கிவிட்டது. அவர் நாவலின் பாப்பிரஸ் துண்டுகளோ 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. போதாததற்கு, அந்நாவலின் காதலர்கள் கலாக்டியான் என்ற புனிதரின் பெற்றோராகவும் ஆனார்கள்! பைசாந்திய வாசகர்கள் இந்தக் கதைகளை உயிராக நேசித்தார்கள், கைவிட மனமில்லை. ஆகவே எழுதியவருக்கு அங்கி மாட்டிவிட்டார்கள். அந்த நேசத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது சான்றாகாது.

ஆசிரியர் யாரென்றே தெரியாது என்கிறீர்கள். அவரே சொல்லியிருக்கிறாரே! கடைசி வாக்கியத்தில், தான் எமெசாவைச் சேர்ந்த ஃபினீசியன், சூரியனின் வழிவந்தவன், தியோடோசியஸின் மகன் ஹெலியோடோரஸ் என்கிறார். எமெசா இன்றைய சிரியாவின் ஹோம்ஸ். சூரியக் கடவுளின் கோயிலுக்குப் பேர்போன ஊர்.

இதை வெறும் முகவரியாக என்னால் படிக்கமுடியவில்லை. கதையை எண்ணிப் பாருங்கள். எத்தியோப்பிய அரசி பெர்சின்னா கருவுறும் வேளையில் கிரேக்கப் புராண இளவரசி ஆண்ட்ரோமெடாவை வெண்ணிறத்தில் தீட்டிய ஓவியத்தைப் பார்த்ததால் கறுப்புப் பெற்றோருக்கு வெள்ளைத்தோலுடன் மகள் பிறக்கிறாள். பழிக்கு அஞ்சி, உண்மையை எழுதிய ஒரு பட்டைத்துணியுடன் குழந்தையை விட்டுவிடுகிறாள் தாய். டெல்ஃபியில் கிரேக்கப் பெண்ணாகவே வளர்கிறாள் சாரிக்லியா. இறுதியில் எத்தியோப்பியத் தலைநகரான மெரோயேயில், பெற்ற தந்தையே தன்னைப் பலியிடவிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு தன் பிறப்பை நிரூபிக்கிறாள். அந்த அரசகுலத்தின் மூதாதையும் சூரியன்தான்.

பத்துப் பகுதிகள் முழுக்க ஒரு பெண்ணின் பிறப்பைத் தேடவைத்தவர், எல்லாம் முடிந்தபின் தன் பிறப்பை ஒரே வரியில் சொல்கிறார். நாயகியைப் போலவே கிரேக்கமொழியில் வாழ்ந்த, கிரேக்கர் அல்லாத ஒருவர். அந்தக் கையெழுத்து நாவலின் உறுப்பு என்றே நான் நினைக்கிறேன். ட்ரிக்கா பிஷப்பை உள்ளே கொண்டுவந்தால் முதலில் காணாமல்போவது அந்த ஃபினீசியன்தான். முன்னுரையை ஒதுக்கிவிட்டு, பத்தாம் பகுதியை ஒரே அமர்வில் மீண்டும் படியுங்கள். சாரிக்லியாவின் கையில் கருவளையம்போன்ற மச்சத்தைக் காட்டும் இடத்திலிருந்து நேராகக் கடைசி வரிவரை. பிறகு எழுதுங்கள், அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.