முயல் யார் என்று இனிக் கேட்காதீர்கள்: ‘டானி டார்க்கோ’ கேள்வி பதில்

கோத்தகிரியில் படம் போட்ட மறுநாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிடுங்கள், முடிவு உட்பட எல்லாம் கீழே வருகிறது. பார்க்கப் போகிறவர்கள் 2001-இல் வந்த 113 நிமிடப் படத்தையே முதலில் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

குன்னூர், கல்லூரி மாணவி: வீட்டு மேல விழுற ஜெட் இன்ஜின் எங்கிருந்துதான் வந்தது அண்ணா?

நல்ல கேள்விம்மா, படமே அதுதான். 1988 அக்டோபர் 2, நடு இரவு. வர்ஜீனியாவில் மிடில்செக்ஸ் என்ற ஊர். முயல் வேஷம் போட்ட ஃபிராங்க் கூப்பிட்டதால் கதாநாயகன் டானி தூக்கத்திலேயே எழுந்து வெளியே போய்விடுகிறான். அவன் அறையில் இன்ஜின் விழுகிறது. ஆனால் எந்த விமானத்திலும் இன்ஜின் காணாமல் போகவில்லை. 28 நாள், 6 மணி, 42 நிமிடம், 12 நொடியில் உலகம் முடியும் என்கிறான் ஃபிராங்க். அந்தக் கெடு தீரும்போது டானியின் அம்மாவும் தங்கையும் திரும்பி வரும் விமானத்திலிருந்து ஓர் இன்ஜின் கழன்று, காலத்தில் பின்னோக்கிப் போய், அதே அக்டோபர் 2-இல் அவன் அறை மேல் விழுகிறது. படத்தின் தொடக்கத்தில் விழுந்ததும் இதுதான்.

ரோபர்ட்டா ஸ்பாரோ என்ற கிழவி எழுதியதாகப் படத்தில் வரும் புத்தகத்தின்படி, நடுவில் நாம் பார்த்த நாட்களெல்லாம் மூல உலகிலிருந்து பிரிந்து போன ஒரு கிளை உலகம். அது இடிந்து விழும்போது மூல உலகையும் இழுத்துக்கொண்டு போகும். இன்ஜினைத் திருப்பி அனுப்பினால்தான் தப்பிக்கலாம். அதனால் இம்முறை டானி படுக்கையை விட்டு எழவில்லை. சிரித்துக்கொண்டே சாகிறான். அவன் செத்ததால் அவன் காதலி கிரெச்சனும் ஃபிராங்கும் பிழைக்கிறார்கள்.

ஊட்டி: முயல் வேஷத்தில் வருவது பேயா?

இல்லை, அவன்தான் ஃபிராங்க், டானியின் அக்கா எலிசபெத்தின் காதலன். மாறுவேஷம் போடும் ஹாலோவீன் விருந்து நடந்த இரவில் அவன் ஓட்டிய கார் கிரெச்சன் மேல் ஏறுகிறது, டானி அவனைக் கண்ணில் சுடுகிறான். கிளை உலகில் செத்தவனுக்குக் காலம் தாண்டி வந்து பேசும் சக்தி உண்டு என்கிறது ஸ்பாரோவின் புத்தகம்.

கூடலூர்: எல்லாம் கனவுதானே?

இல்லை.

அருவங்காடு: 2004-இல் இயக்குநர் ரிச்சர்ட் கெல்லியே வெளியிட்ட 133 நிமிடப் பதிப்பு இருக்கே? அதில் எல்லாம் தெளிவாப் புரியுது. அதைப் போடாம பழசைப் போட்டது ஏன் சார்?

தெளிவாகப் புரிவதுதான் சிக்கல். ஸ்பாரோவின் புத்தகப் பக்கங்களைத் திரையிலேயே காட்டி, பாடம் நடத்துகிறது அந்தப் பதிப்பு. தொடக்கப் பாட்டைக்கூட மாற்றிவிட்டார்கள்.

அருவங்காடு, மறுபடி: படைத்தவரே திருத்தினா நாம யார் சார் குறை சொல்ல?

சாப்பிடுகிறவர்கள். சமைத்தவரே பரிமாறினாலும் உப்பு கூடினால் கூடியதுதான்.

குன்னூர், மனநலப் பிரிவுச் செவிலியர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும் சார். டானிக்கு நோய் என்பதுதானே நேரான விளக்கம்? அவனுடைய டாக்டரே பெற்றோரிடம் அப்படித்தான் சொல்கிறார்.

சிஸ்டர், இந்தச் சண்டைக்கு உங்களைத்தான் எதிர்பார்த்தேன். அந்த டாக்டரம்மா பெற்றோரிடம், பகலிலேயே உருவங்கள் தெரிவது பாரனாய்டு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோயில் சாதாரணம் என்கிறார். 2001 பதிப்பில் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன: பையனுக்கு நோய், அல்லது பையன் சொல்வது உண்மை. நீங்கள் ஒன்றில் நுழையலாம், நான் மற்றதில் நுழையலாம். 2004 பதிப்பில் அதே டாக்டர், இதுவரை கொடுத்தது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று டானியிடம் சொல்லிவிடுகிறார். உங்கள் கதவைப் பாதிக்கு மேல் சாத்தியாயிற்று. அருவங்காட்டு நண்பருக்கும் என் பதில் இதுதான்.

இதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது சினிமா. மனசு சரியில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அருவங்காடு, மூன்றாம் முறை: அப்போ புரியாம இருந்தாத்தான் நல்ல படமா?

அப்படிச் சொல்லவில்லை சார். பதினாறு வயதுப் பையனுக்கு உலகம் எப்படிப் பிடிபடாமல் நழுவுகிறதோ, அப்படியே நமக்கும் நழுவ வேண்டும். விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நாம் டானியின் பக்கத்தில் இருப்பதில்லை, பரீட்சை மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறோம். டீ சாப்பிட வாருங்கள், மிச்சத்தை நேரில் அடித்துக்கொள்வோம்.

லவ்டேல், ஆசிரியை: பள்ளியில் தண்ணீர் புகுந்ததற்கும் ஆங்கில டீச்சர் வேலை போனதற்கும் என்ன தொடர்பு?

அவர் வகுப்பில் நடத்தியது கிரஹாம் கிரீனின் ‘தி டிஸ்ட்ரக்டர்ஸ்’ கதை. ஒரு வீட்டைச் சிறுவர்கள் உள்ளிருந்தே தகர்க்கும் கதை, அதிலும் தண்ணீர் பாய்கிறது. பள்ளிக் குழாயை உடைத்தது டானி, பழி கதையின் மேல். டீச்சராக நடித்த ட்ரூ பேரிமோர் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். டானியும் எலிசபெத்தும் நிஜத்திலும் தம்பி, அக்காதான்: ஜேக், மேகி ஜில்லன்ஹால்.

கோடநாடு: ஆரம்பத்தில் அவன் படுத்துக் கிடக்கும் மலை ரோடு எங்கே?

கதை வர்ஜீனியாவில் நடந்தாலும் படம் பிடித்தது கலிபோர்னியாவில். நம்ம ரோட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், காட்டெருமை வரும்.

ஊட்டி, வேறொருவர்: அந்த முயல் யாரு?

மேலே.

குன்னூர்: என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு, காட்டலாமா?

வேண்டாம்மா. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். நாலைந்து வருஷம் போகட்டும். அப்போதும் 113 நிமிடப் படம்.

கேத்தி: முயல் உண்மையா, கற்பனையா?

சிஸ்டரைக் கேளுங்கள்.

கோத்தகிரி: இரண்டாம் பாகம் இருக்காமே?

‘எஸ். டார்க்கோ’, 2009. தங்கை சமந்தா வளர்ந்த பிறகு நடக்கும் கதை. கெல்லிக்கு அதில் பங்கில்லை. நான் போடமாட்டேன்.