ஃபோம் ஒட்டியும் ஹாரன் கேட்கிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இரண்டாம் மாடியில் இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பஸ், லாரி சத்தத்தில் அவளால் படிக்கவே முடியவில்லை என்று, கடையில் சொன்னதை நம்பி, சாலைப் பக்கச் சுவர் முழுக்க மேடுபள்ளமான ஃபோம் ஷீட் ஒட்டினோம். அறைக்குள் பேசினால் குரல் அமுங்கிக் கேட்கிறது, ஆனால் ஹாரன் முன்பு போலவே வருகிறது. இன்னும் தடிமனான ஃபோம் வாங்கலாமா? (ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: வாங்காதீர்கள். இதே கேள்வி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சத்தத்தை உறிஞ்சுவது ஒரு வேலை, சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. உங்களுக்கு விற்றது முதல் வேலைக்கான பொருள். அறைக்குள் குரல் அமுங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதாவது ஃபோம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

ஃபோம் லேசானது, வாயால் ஊதினால் காற்று அதற்குள் புகுந்து போகும். காற்று போகிற வழியில் சத்தமும் போகும். போகும்போது துளைகளில் உரசிக் கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான். அதுவும் கீச்சென்ற ஒலியில்தான் நன்றாகக் குறையும். லாரி எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலை எடுத்துக்கொண்டால் அதன் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு அங்குல ஃபோமை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

தடுப்பதற்கு வேண்டியது கனம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு, அது இரண்டு மடங்கானால் தடுப்பு 6 டெசிபல் வரை கூடும். காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும் என்பதால் கனத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போய்க் கட்டுப்படியாகாது. அங்கேதான் அடுக்குகள் வருகின்றன. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்கும் ஜெனரேட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வெளியே கனமான இரும்புத் தகடு, உள்ளே ராக்வூல் பஞ்சு, அதன் மேல் துளை போட்ட தகடு. பஞ்சு உள்ளே சுற்றும் சத்தத்தை உறிஞ்சும், தகடு மிச்சத்தை வெளியே விடாது. இந்த மாதிரி டீசல் ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அதை எட்ட முடிகிறது. பஞ்சை மட்டும் சுற்றிவிட்டால் தெருவே எழுந்துவிடும்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். சுவரைத் தொடவே வேண்டாம். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் தடுக்கும். சாதாரண ஸ்லைடிங் ஜன்னல் 20, 25தான் தடுக்கும், அந்த ஜன்னல் சுவரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் மொத்தத் தடுப்பு 30 சுமாருக்கு இறங்கிவிடும். நல்ல சுவரின் மேல் பணத்தை ஒட்டியிருக்கிறீர்கள், சத்தம் பக்கத்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள், ஜன்னலுக்கு வெளியே பால்கனியிலிருந்து யாராவது டார்ச் அடிக்கட்டும். சட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசிகிற இடம். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்றதெல்லாம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால் முதல் செலவு அந்த இடுக்குகளை அடைக்கிற ரப்பர் பீடிங், சிலிகான். சில நூறு ரூபாய் வேலை, அதை முடித்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

அப்புறமும் போதவில்லை என்றால் இப்போதுள்ள ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் போடுங்கள், சறுக்கும் வகை வேண்டாம், கதவு போலத் திறந்து ரப்பரில் அழுந்தி மூடுகிற வகை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், சுவர் ஒன்பது அங்குலம் என்றால் இடம் இருக்கும். கடையில் 12 மி.மீ. இடைவெளியோடு இரட்டைக் கண்ணாடி காட்டுவார்கள். அது வெயிலுக்கு நல்லது. நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டும் சுமார் 250 ஹெர்ட்ஸில் சேர்ந்து அதிரும், தவிலின் இரண்டு பக்கமும் சேர்ந்து அதிர்வது போல. பஸ் எஞ்சின் உறுமலில் ஒரு பகுதி அந்த ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினால் அந்த அதிர்வு 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, தொல்லை வெகுவாகக் குறையும். உள் கண்ணாடி வெளிக் கண்ணாடியைவிட வேறு தடிமனில் இருக்கட்டும், அப்போது ஒன்று தடுக்கத் தவறுகிற சுருதியில் மற்றதும் தவறாது. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி என்றால் இன்னும் நல்லது.

ஜன்னலை இப்படி அடைத்தால் காற்று வராது, ஏ.சி. இல்லாத அறையில் சென்னை மே மாதத்தை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், புகை விஷம். பிளக் பாயிண்ட், சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒட்டியிருந்தால் இன்றைக்கே பிய்த்துவிடுங்கள்.

கேள்வி: புது வீட்டு ஹாலில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். குரல்கள் மோதிக் குழம்புகின்றன. இங்கேயும் ஃபோம் கூடாதா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: உங்களுக்கு வேண்டியது உறிஞ்சுவதுதான். ஆனால் ஃபோமைவிட நல்லது வீட்டிலேயே இருக்கிறது. 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை, எதிரொலி ஐந்தரை விநாடி நின்றது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ராத்திரி ராத்திரியாக, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியலே அதிலிருந்துதான் பிறந்தது. நீங்களும் அதையே செய்யலாம். தரையில் பவானி ஜமக்காளம், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் மட்டும் கனமான திரையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள், மூலையில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று. ஒவ்வொன்றாகச் சேர்த்து, நடுவே ஒரு முறை பாடிப் பாருங்கள். முழுக்க அடக்கிவிடாதீர்கள், கொஞ்சம் கார்வை நிற்காத அறையில் பிள்ளைகள் தொண்டையை இறுக்கிப் பாடப் பழகிவிடுவார்கள்.

கேள்வி: மேல் வீட்டில் நாற்காலி இழுப்பது தலைக்குள் கேட்கிறது. எங்கள் சீலிங்கில் என்ன ஒட்டலாம்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் பக்கத்தில் எது ஒட்டினாலும் பலன் குறைவு. அந்த அதிர்வு கான்கிரீட்டுக்குள் இறங்கி, தூண், சுவர் எல்லாவற்றிலும் ஓடிவிடுகிறது. அது பிறக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் பட்டைகளை நீங்களே இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போங்கள், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு தடித்த கம்பளம் போட முடியுமா என்றும் கேளுங்கள். போகிற நேரம் சத்தம் கேட்கிற நேரமாக இருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள்.