ஏழாம் மாதத்தில் பிரஷர் 160/110: ஏன் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்?

மதினிக்கு ஏழாம் மாதம், பிரஷர் 160/110, களக்காட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள், பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இந்த அளவில் எந்நேரமும் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவும் ஏற்படலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் இன்னும் அவசரம்.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிரஷரைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் போடுவார்கள். அப்புறம் அடிக்கடி முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். கால் துள்ளவில்லை என்றால் மருந்து உடம்பில் மிகுந்துவிட்டது என்று சந்தேகப்பட்டு, அடுத்த ஊசியை நிறுத்திவிடுவார்கள். மூச்சையும் சிறுநீரையும் கணக்கெடுப்பதும் அதற்காகத்தான்.

தாய்க்கு ஆபத்து என்றால் குறைமாதத்திலேயே பிள்ளையை எடுக்க வேண்டிவரும். அதற்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவு பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம், வீட்டுக்கு வந்தபின் பிரஷர் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.