நூற்றுக்கணக்கில் படம் எடுத்தும் ஒன்றும் மனத்தில் நிற்பதில்லையே?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பால்மரம் வெட்டும் வேலை, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை, மறைவதற்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று டிஜிட்டல் கேமரா வாங்கினேன். ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் எடுத்துவிடுகிறேன். வீட்டில் வந்து பார்த்தால், எதை ஏன் எடுத்தேன் என்றே தெரியவில்லை. பிலிம் கேமராவுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாற வேண்டியதில்லை. 36 படங்களில் சுருள் முடிந்துவிடும் என்ற நெருக்கடி அக்காலத்தில் கையைக் கட்டுப்படுத்தியது உண்மைதான். ஆனால், எதை எடுப்பது என்ற தெளிவைச் சுருள் யாருக்கும் கொடுத்ததில்லை.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு காணப்படவில்லை. எதைப் பார்ப்பது என்று மனம் முடிவெடுத்த இடத்தில் நினைவும் தங்குகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சாய்ந்து இறங்குவது, பட்டையிலுள்ள பாற்குழாய்களில் கூடுதலானவை திறக்க வேண்டும் என்பதற்காகத்தான். கத்தி கீழ்முனைக்கு வரும்போது வெட்டுபவரின் உடலும் மரத்தையொட்டித் திரும்பியிருக்கும்; மேல்முனையில் பால் கசியத் தொடங்கியிருக்கும். இதை அறிந்தவர் நிற்க வேண்டிய இடத்தை முன்பே தேர்ந்து காத்திருப்பார். அறியாதவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். ஆகவே முதல் சில மரங்களுக்குக் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, வெட்டும் அண்ணனுடனோ அக்காளுடனோ பேசிக்கொண்டு, அனுமதியும் கேட்டுக்கொண்டு, கூடவே நடங்கள்.

கேமராவில் மாற்ற வேண்டியவை சிலவே. தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் வசதியையும், எடுத்தவுடன் படம் திரையில் தோன்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பின்னது கண்ணை மரத்திலிருந்து திரைக்கு இழுத்துவிடுகிறது. ஜூமை விட்டு, 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றால், நெருங்குவதா விலகுவதா என்பதைக் கால்களே தீர்மானிக்கும்.

விடியலுக்கு முன் பால் நன்றாக ஓடுவதால் வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. அங்கே கூடுதல் கவனம் வேண்டும். சுற்றிலும் இருள் மிகுந்த காட்சியைக் கேமரா தானாகவே வெளிச்சமாக்க முயல்வதால், நெற்றிவிளக்கு படும் பட்டையும் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழும் பாலும் விவரமின்றி வெளுத்துவிடும். ஒளியளவைத் திருத்தும் பொத்தானில் ஒரு படி குறைத்து எடுத்துப் பாருங்கள். இருளில் எவ்வளவு இருளாகவே இருக்கட்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கேமராவிடம் விடாதீர்கள்.

தோட்டத்துக் கோயிலில் தீமிதி நடக்கும் நாளில் மட்டும் தொடர் படப்பிடிப்பை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். குழியைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் எந்த அடி எப்படி விழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.