மீட்டிங்கில் சண்டை போட்ட ரெப் ஏன் அமைதியாகிவிட்டார்?

கேள்வி: திருநெல்வேலியைத் தலைமையிடமாக வைத்து ஒரு நடுத்தர மருந்து நிறுவனத்தில் ஏரியா மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு மெடிக்கல் ரெப்கள். கடந்த எட்டு மாதத்தில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ள மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் வந்த புதியவர்களில் ஒருவர் அதற்குள் விலகிவிட்டார். ரெப்கள் தினசரி வேலையைப் பதியும் ஆப்பைத் திறந்தால் டாக்டர் விசிட் எல்லாம் முழுசாக இருக்கிறது, விற்பனை மட்டும் மாதாமாதம் இறங்குகிறது. மூத்தவர்களில் மிச்சம் இரண்டு பேர்தான். அதில் தென்காசியில் இருப்பவர் மூன்று மாதமாக மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. சம்பளம் கூட்டித் தரும் அதிகாரம் எனக்கு இல்லை. என்ன செய்யலாம் சார்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது விற்பனை இறங்கியது இல்லை, அந்தத் தென்காசிக்காரரின் மௌனம்தான். இந்தத் தொழிலில் ரெப்பாகவும் மேனேஜராகவும் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். மீட்டிங்கில் எழுந்து நின்று 'சார், இந்த டார்கெட் நடக்காது, ஸ்டாக்கிஸ்ட்டிடம் ஏற்கெனவே மூன்று மாதச் சரக்கு கிடக்கிறது' என்று சண்டை போடுகிறவர் அந்த வேலையைத் தன்னுடையது என்று நினைக்கிறவர். (ஸ்டாக்கிஸ்ட் என்றால் கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்கு விற்கும் மொத்த வியாபாரி.) அவர் 'சரி சார், பண்ணிடலாம் சார்' என்று சொல்ல ஆரம்பித்தால் மனசளவில் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். ராஜினாமாக் கடிதம் அதற்கு நாலைந்து மாதம் கழித்து வரும்.

அவர் போனால் என்ன போகும் என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதை ஆப் காட்டாது. சங்கரன்கோவிலில் எந்த டாக்டர் ராத்திரி ஓ.பி. முடிந்து ஒன்பதரைக்கு மேல்தான் நிம்மதியாகப் பேசுவார், கடையநல்லூரில் எந்த மெடிக்கல் ஷாப்பில் நம் மருந்துக்குப் பதில் வேறு கம்பெனி மருந்து கொடுக்கிறார்கள், எந்தக் கடைக்காரர் காலாவதிச் சரக்கு திரும்பாத கோபத்தில் நம் பிராண்டை உள்ளே தள்ளி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. எங்கள் டீமில் ஒரு மூத்தவர் இருந்தார். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப் ஒன்று கோவில்பட்டியில் திடீரென்று படுத்துவிட்டது. நான் டாக்டரைப் போய்ப் பிடிக்கலாம் என்று நின்றேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கடைகளில் உட்கார வைத்தார். டாக்டர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். கடையில் காலாவதியான பாட்டில்கள் நாற்பதுக்கு மேல் கிளெய்ம் ஆகாமல், அதாவது கம்பெனி திரும்ப எடுத்து ஈடு கொடுக்காமல், கிடந்ததால் கடைக்காரர் புதுசாக வாங்கவே இல்லை. அன்று மாலையே கிளெய்மை எழுதி அனுப்பினோம். அடுத்த மாதம் சிரப் பழையபடி ஓடியது. ஆறு மாத அனுபவமுள்ள பையன் அதே டாக்டரைப் பத்துத் தடவை பார்த்திருப்பான், ஆப்பில் பத்து விசிட்டும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, இப்படிப்பட்டவர்கள் ஏன் போகிறார்கள்? சம்பளம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போனவர்களிடம் பிறகு உட்கார்ந்து பேசியதில், பெரும்பாலும் அவர்கள் முதலில் சொன்னது மாதக் கடைசி நாட்களைப் பற்றித்தான்.

நானே செய்த தப்பைச் சொல்கிறேன். அப்போது நான் வேறொரு கம்பெனியில் ஏரியா மேனேஜர். மார்ச் குளோசிங், அதாவது வருஷக் கணக்கு முடிக்கும் நேரம். டார்கெட்டுக்கு எனக்கு இரண்டு லட்சம் குறைந்தது. பதினான்கு வருஷ அனுபவமுள்ள ஒருவரிடம், 'எப்படியாவது ஸ்டாக்கிஸ்ட்டிடம் பேசி பில் போட்டுவிடுங்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. தன் சொந்த முகத்தை வைத்து அவர் அந்தச் சரக்கை இறக்கினார். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது, கம்பெனி அவருடைய இன்சென்டிவைப் பிடித்துக்கொண்டது. ஸ்டாக்கிஸ்ட் அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். நான் அந்த வருஷம் டார்கெட் முடித்தவன் என்று கைதட்டு வாங்கினேன். அவர் ஆகஸ்டில் போய்விட்டார். போகும்போது என்னைத் திட்டக்கூட இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

எனவே உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் முதல் வேலை இதுதான். கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போடும் பில்லான ப்ரைமரியைப் பார்ப்பதைக் குறைத்து, ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து கடைக்குப் போகும் செகண்டரியைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்ட்டின் கையிருப்புக் கணக்கையும் 20-ஆம் தேதிக்குள் கையில் வாங்கிவிடுங்கள். எந்தப் பொருள் ஒரு மாத ஓட்டத்துக்கு மேல் ஏற்கெனவே கிடக்கிறதோ, அதில் கடைசி வாரம் ஒரு பெட்டிகூட இறக்கச் சொல்லமாட்டேன் என்று உங்கள் ஆட்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் காப்பாற்ற வேண்டும். ஒரு மாதம் உங்கள் பெயர் பட்டியலில் கீழே போகும். தாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் உங்களைப் பற்றி ஆறு பேருக்கும் ஒரு முடிவு கிடைத்துவிடும்.

அடுத்தது எக்ஸ்பென்ஸ். மேலிடத்துக்கு இது சின்ன விஷயம், ரெப்புக்கு இதுதான் வீட்டுச் செலவு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் 100 ரூபாய்க்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கிலோமீட்டருக்குக் கொடுக்கும் படியை உங்கள் கம்பெனி கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். படியை மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் மாதத்தின் முதல் ஐந்து நாளைக்குள் எல்லாருடைய பில்லையும் சரிபார்த்து அனுப்ப உங்களால் முடியும். அலுவலகத்தில் எந்த மேஜையில் நிற்கிறது என்று கேட்டு, பணம் ஏறும் வரை துரத்தவும் முடியும். 380 ரூபாய் லாட்ஜ் பில்லுக்கு மூன்று தடவை விளக்கம் கேட்கப்பட்ட மனுஷன், 'நீங்கள்தான் நம் கம்பெனியின் சொத்து' என்று மேடையில் பேசுவதை எப்படி நம்புவார்?

அப்புறம் அந்த ஆப். இருப்பிடம் பார்க்கும் வசதி வந்தபிறகு, மேனேஜர்கள் பலருக்குக் காலை பதினோரு மணிக்கு 'இன்னும் ஏன் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறீர்கள்' என்று போன் போடும் பழக்கம் வந்துவிட்டது. பதினைந்து வருஷம் ஒரே ஊரில் வேலை செய்தவருக்கு அது கன்னத்தில் அறை மாதிரி. அவர் அந்த நேரத்தில் சீனியர் டாக்டரின் காருக்காகக் காத்திருக்கலாம், பக்கத்துக் கடையில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆப்பில் வரும் தகவலை ரூட் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச மட்டும் பயன்படுத்துங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் 'இன்றைய கமிட்மெண்ட்' கேட்பதையும், யார் முதலிடம் யார் கடைசி என்று பெயர் போட்டுப் பட்டியல் விடுவதையும் இன்றே நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைசிப் பெயராக இருப்பவருடைய மகளும் அந்த போனைப் பார்க்கிறாள்.

உங்கள் மேலதிகாரியிடம் பேசும்போது கையில் ஒரு வாதம் வேண்டும், அது இப்போது நம் பக்கம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை வரிக்கழிவாகக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. 2024 மார்ச் 12-இல் மத்திய மருந்துத் துறை, மருந்து விற்பனைக்கான சீரான நடத்தை விதிகளை வெளியிட்டது. பரிசு, பயணச் செலவு எல்லாம் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருஷத்துக்கு 12 சாம்பிள் பாக்கெட்டுக்கு மேல் கிடையாது. சாம்பிள்களின் மொத்த மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டாக்டரைச் சந்திக்கவே பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது, ரெப் செய்வதற்குக் கம்பெனிதான் பொறுப்பு. பொருள் கொடுத்து உறவு பிடிக்கும் வழி அடைபட அடைபட மிச்சம் இருப்பது என்ன? மருந்தைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் சரியாகப் பேசத் தெரிவதும், 'இவன் பொய் சொல்லமாட்டான்' என்று டாக்டர் வைத்திருக்கும் நம்பிக்கையும்தான். அதைச் சம்பாதிக்கப் பத்து வருஷம் ஆகும். அனுபவசாலியின் விலை ஏறிய நேரத்தில் நாம் அவர்களை இழந்துகொண்டிருக்கிறோம்.

சில இடங்களில் விதியும் இருக்கிறது, பழைய எதிர்பார்ப்பும் போகவில்லை. 'விதியை மீறாதே' என்று காலையில் ஒரு மெயில், 'அந்த டாக்டரிடம் எப்படியாவது பிசினஸ் எடு' என்று மாலையில் ஒரு போன். மாட்டினால் மாட்டுவது ரெப்தான் என்று மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'எப்படியாவது' என்ற வார்த்தையை நீங்கள் சொல்லாதீர்கள்.

சம்பளம் உங்கள் கையில் இல்லை என்கிறீர்கள், ஆனால் கணக்கு போட்டுக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு மூத்தவரின் பகுதி மாதம் 5 லட்சம் செய்கிறது என்று வையுங்கள். அவர் போனால் இரண்டு மாதம் காலி இடம், பிறகு புதியவர் பிடிபட ஆறு மாதம். அந்த எட்டு மாதமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் போவது 13 லட்சத்துக்கு மேல். அவருக்கு மாதம் 6,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் வருஷத்துக்கு 72,000. போன மூன்று பேரின் பகுதிகளில், அவர்கள் விலகியதற்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம் என்று உங்கள் சொந்த எண்களைப் போட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். ரீஜனல் மேனேஜரிடம் நேரில் கொடுங்கள், ஒரு நகலை மெயிலிலும் அனுப்புங்கள். முதல் தடவை நடக்காது. அடுத்த ஆள் ராஜினாமா கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை அவர்களே தேடுவார்கள்.

மூத்தவர்களைத் தக்கவைக்க எல்லாரும் சொல்லும் வழி பதவி உயர்வு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஐம்பதை நெருங்கும் நல்ல ரெப்கள் பலர் மேனேஜராக விரும்புவதில்லை. அம்மா அப்பா ஊரில் இருப்பார்கள், பிள்ளை பிளஸ் டூ படிக்கும், ராத்திரி வெளியூர் தங்கல் குறைந்தால் போதும் என்பார்கள். கேளுங்கள். மாதத்துக்கு இரண்டு இரவு குறைத்துக் கொடுப்பது சில பேருக்குப் பதவியைவிடப் பெரிது. பெரிய ஆஸ்பத்திரிகளை மட்டும் பார்க்கும் பொறுப்பு, புதியவர்களைப் பழக்கும் பொறுப்பு இவற்றையும் கொடுக்கலாம். ஆனால் பழக்கும் வேலையைச் சும்மா தலையில் கட்டாதீர்கள். புதியவர் முதல் இரண்டு வாரம் மூத்தவரோடு சுற்றட்டும், அந்த நாட்களுக்கு மூத்தவரின் விசிட் எண்ணிக்கையைக் குறைத்துக் கணக்கிடுங்கள், புதியவரின் முதல் காலாண்டு இன்சென்டிவில் ஒரு பங்கு அவருக்கும் வருமா என்று மேலே கேளுங்கள். உங்கள் புதியவர் சீக்கிரம் விலகியதற்கும் இப்படிப் பழக்காமல் விட்டதே காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டும் மருந்து விளக்கப் படங்கள் உள்ள விஷுவல் எய்டு பையை மாட்டித் தனியாகத் தெருவில் விட்டால் யார் நிற்பார்கள்?

ஜாயிண்ட் வொர்க், அதாவது மேனேஜரும் ரெப்பும் சேர்ந்து டாக்டர்களைப் பார்க்கப் போவது பற்றி ஒன்று. மூத்தவரோடு போகும் நாளில் டாக்டர் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள், நீங்கள் பேச்சைப் பிடுங்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது வேலையைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள், அது போதும்.

இவ்வளவு செய்தும் ஒருவர் போவதாக இருந்தால் மரியாதையாக அனுப்புங்கள். கணக்கு முடிக்காமல் இழுத்தடிப்பது, ரிலீவிங் லெட்டரை வைத்துக்கொண்டு மிரட்டுவது இதெல்லாம் மிச்சமிருப்பவர்கள் கண்ணெதிரில் நடக்கிறது. ரெப்களுக்கென்றே 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் வந்தது. நியமனக் கடிதம், விடுப்பு உரிமை எல்லாம் அதில்தான் கிடைத்தன. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. விலகுகிறவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. பத்து வருஷம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) சேரும். போன மூன்று பேருக்கும் இவை வந்துவிட்டனவா என்று விசாரியுங்கள். வராவிட்டால் உங்கள் கைப்பட அலுவலகத்துக்கு எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக எனக்கு ஒரு பழைய ரெப் இரண்டு வருஷம் கழித்து போன் செய்து, 'இடம் இருக்கிறதா சார்' என்று கேட்டு வந்து சேர்ந்தார்.

இப்போது தென்காசிக்காரரிடம் வருகிறேன். அவரை ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள், மீட்டிங் முடிந்து 'ஒரு நிமிஷம் இருங்க' என்றும் நிறுத்தாதீர்கள். இந்த வாரம் நீங்களே பஸ் ஏறிப் போங்கள். ஜாயிண்ட் வொர்க் என்று எழுதாதீர்கள். அவருக்கு இன்னும் வராத எக்ஸ்பென்ஸ் எத்தனை மாதம், திரும்ப எடுக்காத காலாவதிச் சரக்கு எந்தெந்தக் கடையில் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். டீக்கடையில் உட்கார்ந்ததும் அந்தத் தாளைக் காட்டி, 'இதில் எதையாவது விட்டிருக்கிறேனா அண்ணே?' என்று கேளுங்கள். வயதில் மூத்தவர் என்றால் அண்ணே என்று கூப்பிடுவதில் உங்கள் பதவி குறையாது. அவர் உடனே பேசமாட்டார். விட்டுவிடுங்கள். தாளில் இருப்பதில் இரண்டையாவது பதினைந்து நாளுக்குள் முடித்துவிட்டு மறுபடி போங்கள்.